பழைய 1210 லாரிக்குக் கியர் பாக்ஸா, கிரவுன் பினியனா?

பெரியபட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாத்தா ஓட்டிய, 1970-களின் தொடக்கத்து டாடா 1210 லாரி ஒன்றை அவர் புதுப்பித்து வருகிறார். 692 இன்ஜின், ஐந்து கியர், 9.00-20 டயர், பின் ஆக்ஸிலில் 41 பல் கிரவுனும் 6 பல் பினியனும் (ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பெரிய, சிறிய பல்சக்கரங்கள்). மதுரை ரோட்டில் மணிக்கு 60 கி.மீ.-ஐத் தாண்டினால் இன்ஜின் கதறுகிறது. ஓவர் டிரைவ் (இன்ஜினைவிட ஷாஃப்டை வேகமாகச் சுற்றும் டாப் கியர்) உள்ள வேறு கியர் பாக்ஸை ஏற்றச் சொல்கிறார் ஒரு மெக்கானிக். கியர் பாக்ஸை விட்டுவிட்டு 41-க்கு 7 கிரவுன் செட்டைப் போடச் சொல்கிறார் இன்னொருவர். வண்டிக்குப் பெரும்பாலும் விடுமுறை நாள் ஓட்டம்தான். ஆனால் வருடத்தில் சில நடை வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றும், எப்போதாவது கருவாட்டு மூட்டைக்காகக் கடற்கரை மணலிலும் இறங்கும்.

தம்பி, என் முடிவு இது: 41/7 கிரவுன் செட்டைப் போடுங்கள், கியர் பாக்ஸைத் தொடாதீர்கள், முழுப் பாரத்தோடு மணலில் இறங்குவதை விட்டுவிடுங்கள். மணலை விட முடியாது என்றால் கிரவுன் மாற்றமும் வேண்டாம். இப்போது இருக்கிற 41/6-ஓடேயே இருங்கள். இந்த முடிவுக்குக் காரணம், நம் இராமநாதபுரம் கரையில் கியர் விகிதத்தைத் தீர்மானிப்பவை காற்றும் மணலும்தான் என்பது. மலை ஏறும் வண்டிக்குச் சொல்லும் யோசனையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதி பொருந்தாது.

எதையும் வாங்குவதற்கு முன், வண்டியில் இருப்பது 41/6 தானா என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஐம்பது ஆண்டு ஓடிய லாரியில் கிரவுன் எத்தனை முறை மாறியிருக்கும் என்பதை ஆர்.சி. புத்தகம் சொல்லாது. மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பின்னால் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் (கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீண்ட தண்டின்) ஃபிளாஞ்சிலும் டயரிலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால் (மறு சக்கரம் நிற்பதால் கிரவுன் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும்) ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே விகிதம். ஏழுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 41/6, அதாவது 6.83. ஆறுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 41/7, அதாவது 5.86. ஆறைச் சற்றுத் தாண்டினால் 43/7 போன்ற வேறொரு செட் உள்ளே இருக்கிறது. அப்போது என் கணக்கைத் திருத்திப் போட வேண்டும்.

அதே சாக்பீஸோடு டயரின் சுற்றளவையும் அளந்துவிடுங்கள். டயர் கம்பெனியின் அட்டவணையில் இருப்பது பாரமில்லாத டயரின் அளவு. வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றி, காற்றுச் சரியாக அடித்து, சமதரையில் ஐந்து சுற்று உருட்டி, கடந்த தூரத்தை ஐந்தால் வகுத்தால் உண்மையான அளவு கிடைக்கும். 9.00-20 டயருக்கு அது 3.1 மீட்டரை ஒட்டி வரும். பெரிய டயர் போட்டே வேகத்தைக் கூட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 10.00-20 போட்டாலும் வித்தியாசம் மூன்று சதவீதம்தான். அதற்காக ரிம் மாற்றுவது வீண்.

இனி உங்கள் இன்ஜின் ஏன் கதறுகிறது என்று பார்ப்போம். டாப் கியர் நேரடிக் கியர், அதாவது ஒன்றுக்கு ஒன்று. மணிக்கு 60 கி.மீ. என்பது நிமிடத்துக்கு 1,000 மீட்டர். அதை 3.1-ஆல் வகுத்தால் சக்கரம் 323 சுற்று, 6.83-ஆல் பெருக்கினால் இன்ஜின் 2,200 சுற்று. இந்த இன்ஜினின் உச்சத்தை 2,800 ஆர்.பி.எம். என்று வைத்தால் வண்டி 76-க்கு மேல் போகவே முடியாது. 60-லேயே அந்த உச்சத்தில் நாலில் மூன்று பங்குக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. 41/7 போட்டால் அதே 60-க்கு 1,890 சுற்றுப் போதும். ஏழில் ஒரு பங்கு குறைகிறது. பானெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுபவரின் காதுக்கு இந்த 300 சுற்று பெரிய விடுதலை. பழைய நேச்சுரல் (டர்போ இல்லாத) டீசல்களில் இழுவை நன்றாகக் கிடைக்கும் இடமும் பெரும்பாலும் 1,400-க்கும் 1,800-க்கும் நடுவில்தான் என்பதால் டீசல் செலவும் குறையும்.

எத்தனை வேகத்துக்காக இதைச் செய்கிறோம் என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி சரக்கு வாகனத்துக்கு நான்கு வழிச் சாலையில் உச்ச வரம்பு 80, சாதாரணச் சாலையில் 60. நம் பக்கத்தில் பரமக்குடிக்கு மேற்கே போனால்தான் நான்கு வழி. கிழக்குக் கடற்கரைச் சாலையும் ராமேஸ்வரம் ரோடும் 60-க்கான ரோடுகள். ஆகவே 60 முதல் 65 வரை இன்ஜின் நிம்மதியாக ஓட வேண்டும், நான்கு வழியில் அவசியமானால் 70 தொட வேண்டும். உங்கள் பிரேக்கின் வயதைப் பார்த்தால் அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

இவ்வளவோடு கணக்கு முடிந்தால் எல்லாரும் 41/7 போட்டுவிடலாம். நம் கரையில் யோசிக்க வேண்டியிருப்பதற்குக் காரணம் காற்று. ஆனி, ஆடியில் கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும்போது கீழக்கரையிலிருந்து ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி நோக்கிப் போகிற வண்டிக்குக் காற்று நேர் முகத்தில் விழும். சமதரைதானே என்று நினைக்கும் ரோட்டில் லாரி டாப்பில் முக்குவது அதனால்தான். எவ்வளவு என்று பார்ப்போம். வண்டியும் பாரமும் சேர்த்துப் பத்து டன், இன்ஜின் டார்க் (திருப்பு விசை) 30 கிலோகிராம்-மீட்டர், மூட்டை அடுக்கிய முகப்பு ஐந்தரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாத நாளில் 60-ல் ஓட டயரின் உருளல் தடைக்கு 100 கிலோ, காற்றைக் கிழிக்க 84 கிலோ, ஆக 184 கிலோ இழுவை வேண்டும். எதிர்க்காற்று மணிக்கு 30 கி.மீ. வீசினால் காற்றுக்கு மட்டும் 189 கிலோ ஆகி, மொத்தம் 289 கிலோ. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால்தான் இந்தப் பாய்ச்சல். உராய்வில் போவது போக, சக்கரத்தில் டாப் கியர் தரும் இழுவையோ, 41/6-ல் சுமார் 375 கிலோ, 41/7-ல் சுமார் 320 கிலோ. முன்னதில் கையில் மிச்சம் 85 கிலோ. பின்னதில் 30 கிலோதான். பத்து டன் வண்டிக்கு ஒரு சதவீத ஏற்றம் 100 கிலோ கேட்கும் என்பதை நினைத்தால், 30 கிலோ மிச்சம் என்பது ஒரு சின்னப் பாலத்து மேட்டைக்கூடத் தாங்காது.

அப்படியானால் நான்காவதுக்கு இறங்கலாமே என்பீர்கள். இந்த ஐந்து கியர் பெட்டிகளின் குறை இங்கேதான் வெளிப்படும். நான்காவது கியர் 1.66 அளவில் இருந்தால், அதற்கும் டாப்புக்கும் நடுவே பெரிய பள்ளம். 41/6 வண்டியில் நான்காவது கியரில் 2,800 சுற்றுக்கு 46 கி.மீ. வேகம்தான் கிடைக்கும், 41/7-ல் 53 வரை கிடைக்கும். அதாவது 41/7 போட்ட வண்டி டாப்பில் சற்று முன்னதாகவே முக்கினாலும், நான்காவதுக்கு இறங்கி 50-ல் நிலையாக ஓட அதனால் முடியும். 41/6 வண்டி டாப்பை அதிக நேரம் பிடிக்கும், ஆனால் விட்டுவிட்டால் 45-க்கு விழுந்துவிடும். இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்களில் பலர் எதிர்க்காற்று நாளில்கூட 41/7 ஒன்றும் மோசமில்லை என்று சொல்வதன் காரணம் இதுதான். மூட்டையை உயரமாக அடுக்காமல், தார்ப்பாயை இழுத்துக் கட்டி ஓட்டினாலே கணிசமான இழுவை மிச்சமாகும் என்பதையும் இந்தக் கணக்கே சொல்கிறது.

பாம்பன் பாலத்தைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். 1988 அக்டோபர் 2-இல் திறந்த அந்த 2.345 கி.மீ. சாலைப் பாலம் நடுவில் உயர்ந்து இறங்குவது. ஆனாலும் அது உங்கள் முடிவை மாற்றத் தேவையில்லை. எந்தக் கிரவுன் போட்டாலும் பாரத்தோடு அங்கே நான்காவதில்தான் ஏற வேண்டும். அங்கே அடிப்பது பெரும்பாலும் குறுக்குக் காற்று என்பதால் பயம் ஸ்டியரிங்குக்கே தவிர கியருக்கு இல்லை.

மணல் வேறு விஷயம். தார் ரோட்டில் வண்டியின் எடையில் நூறில் ஒரு பங்கு இழுத்தால் உருளும் சக்கரம், தளர்ந்த உலர் மணலில் ஐந்தில் ஒரு பங்கையோ அதற்கும் மேலோ கேட்கும். முழுப் பாரத்தோடு 12 டன் என்றால் 2,400 கிலோ இழுவை. முதல் கியர் ஏறத்தாழ 7.5 என்று வைத்தால், 41/6 வண்டியின் சக்கரத்தில் 2,650 கிலோ கிடைக்கும். 41/7 வண்டியில் 2,270 கிலோதான். ஒன்று தட்டுத் தடுமாறி வெளியே வரும், மற்றது கிளட்சைப் புகைத்துவிட்டு நிற்கும். காலி வண்டி நாலரை டன் என்றால் 900 கிலோ போதும், இரண்டுமே சிரமமில்லாமல் வரும். ஆகவே 41/7 போட்ட பிறகு கரையில் காலியாக இறங்கலாம். மூட்டையைக் கெட்டித்தரை வரை சின்ன வண்டியில் கொண்டுவந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். உப்பளப் பாதை அப்படியல்ல. வரப்பு மண் காய்ந்து இறுகியிருக்கும் கோடையில் அது மணலின் நாலில் ஒரு பங்குத் தடைகூடத் தராது. மழைக்குப் பின் அங்கே போகவே கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். மணலில் சிக்குவதற்குக் கியர் மட்டும் காரணம் இல்லை, டயர் காற்றை இறக்காமல் இறங்குவதும் காரணம் என்றாலும், 12 டன் பாரத்தில் பழைய நைலான் டயரின் காற்றை நான் இறக்கச் சொல்ல மாட்டேன்.

இப்போது ஓவர் டிரைவ். அந்தப் பெயரைக் கேட்டதுமே பலருக்கு வேகம் இலவசமாக வந்துவிடும் என்ற எண்ணம். டாப் கியர் 0.8 உள்ள பெட்டியை 41/6-ஓடு வைத்தால் 60-க்கு இன்ஜின் 1,760 சுற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியின் முதல் கியர் என்ன என்று கேளுங்கள். பெட்டியை வடிவமைப்பவர் ஐந்து கியருக்குள் ஓரளவுக்கு மேல் விரிக்க முடியாது. உங்கள் பெட்டியில் முதலுக்கும் கடைசிக்கும் உள்ள விரிவு 7.5 மடங்கு. அதே விரிவுள்ள ஓவர் டிரைவ் பெட்டியில் கடைசி 0.8 என்றால் முதல் 6.0 ஆகிவிடும். 6.0-ஐ 6.83-ஆல் பெருக்கினால் 41. உங்கள் பழைய பெட்டியின் 7.5-ஐ 41/7-இன் 5.86-ஆல் பெருக்கினால் 44. ஓவர் டிரைவ் போட்டு மணலில் இழுவையைக் காப்பாற்றினேன் என்று நினைப்பவர் உண்மையில் கிரவுன் மாற்றியவரைவிடக் குறைந்த இழுவையோடு நிற்கிறார். 7.5-இல் தொடங்கி 0.8-இல் முடியும் ஆறு கியர் பெட்டி கிடைத்தால் கதை வேறு. நேரடிக் கியர் ஐந்தாவதாக வந்துவிடும், எதிர்க்காற்றில் ஒரு படி இறங்கினாலும் 60-ஐ விடாது. மணல், ரோடு இரண்டுக்கும் அதுதான் சரியான மருந்து. ஆனால் பெட்டியின் நீளம் மாறினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்ட வேண்டும், கிராஸ் மெம்பரில் தாங்கியை மாற்ற வேண்டும், கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்லைன், ஃபிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங், கியர் லீவர் வரும் இடம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். காயலான் கடையிலிருந்து எடுத்த பெட்டியை நம்பி இத்தனை வேலை செய்வது, தாத்தாவின் வண்டியை அப்படியே காப்பாற்ற நினைக்கும் உங்கள் நோக்கத்துக்கும் ஒத்துவராது.

ஓவர் டிரைவில் யாரும் பேசாத இன்னொன்று, ஷாஃப்டின் வேகம். 75-ல் போகும்போது 41/6 ஆக்ஸில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை 2,750 சுற்றுக்குச் சுழற்றும், முன்னால் எந்தப் பெட்டி இருந்தாலும். 41/7-ல் அது 2,360-க்கு இறங்கிவிடும். ஐம்பது வயது ஷாஃப்ட், தேய்ந்த ஜாயின்ட், ரப்பர் இறுகிப்போன சென்டர் பேரிங் இவற்றுக்கு அந்த 400 சுற்றுக் குறைவு பெரிய உதவி. நேரடிக் கியரில் விசை பெட்டிக்குள் எந்தப் பல்லையும் தொடாமல் நேராகப் போய்விடுவதும், ஓவர் டிரைவில் இரண்டு பல் இணைப்பைக் கடந்து சூடாகிப் போவதும் சின்ன வித்தியாசம்தான். ஆனால் எதிர்க்காற்றில் 30 கிலோவை எண்ணிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அதுவும் கணக்கில் சேரும்.

அமெரிக்கப் பழைய பிக்கப்களைப் பற்றிய கட்டுரைகளில் 3.73, 4.10 என்று ஆக்ஸில் விகிதங்களைப் படித்துவிட்டு அதைப்போல் தேடுபவர்கள் உண்டு. அவை எடை குறைந்த, 4,000 சுற்றுத் தொடும் பெட்ரோல் இன்ஜின் வண்டிகளுக்கானவை. உங்கள் லாரியில் 3.73 இருந்தால் 60-க்கு 1,200 சுற்று. பத்து டன்னோடு டாப்பே விழாது. மாறாக, இன்ஜினையே 697-க்கு மாற்றும் திட்டம் என்றைக்காவது இருந்தால் 41/7 பற்றிய தயக்கமெல்லாம் தீர்ந்துவிடும். 4.8 லிட்டர் 5.7 லிட்டராவதால், கிரவுனில் இழக்கும் இழுவை இன்ஜினில் திரும்பக் கிடைத்துவிடும். இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிந்தாக வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

செட்டை வாங்கும்போது கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே வாங்க வேண்டும். இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு வண்டியின் கிரவுனும் இன்னொரு வண்டியின் பினியனும் பல் எண்ணிக்கையில் ஒத்திருந்தாலும் ஊளையிடும். உங்கள் ஹவுசிங்குக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல் கூட்டில் 7 பல் செட் உட்காருமா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் பழைய கிரவுனைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். நம் ஊர் வண்டி என்பதால் ஹவுசிங்கின் எண்ணெயையும் கவனிக்க வேண்டும். கடல் ஓரத்தில் நின்ற வண்டிகளில் ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரலை விட்டால் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் வருவதுண்டு. மேலே உள்ள மூச்சுத் துளை உப்பும் மண்ணும் சேர்ந்து அடைத்துப்போய், சூடான ஹவுசிங் ஆறும்போது சீல் வழியாக ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அந்த ஹவுசிங்கில் பேரிங்குகளையும் சீல்களையும் மாற்றாமல் புதுக் கிரவுனைப் பூட்டுவது பணத்தைக் கடலில் போடுவதுதான்.

பூட்டும்போது மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். கிரவுன் பல்லில் மை தடவிச் சுற்றிப் பார்க்காமல் மூடக் கூடாது. நாலைந்து பல்லில் மெல்லிய மைப் பூச்சு, கிரவுனைக் கையால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு பினியனை முன்னும் பின்னும் சுற்றினால், பல்லின் முகத்தில் மை ஒதுங்கி, தொட்ட இடம் பளபளப்பாக நீள்வட்டமாகத் தெரியும். அது பல்லின் நடு உயரத்தில், சற்றே உள்முனைப் பக்கமாக இருந்தால் நல்லது. பாரம் ஏறும்போது அது வெளிப்பக்கம் நகர்ந்து நடுவுக்கு வரும். பல்லின் உச்சியிலோ அடியிலோ விழுந்தால் பினியன் ஷிம்மை (பினியனின் இடத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகட்டை) மாற்ற வேண்டும். பல்லிடைத் தளர்ச்சியை டயல் கேஜ் வைத்துப் பார்த்து, செட்டில் குறித்திருக்கும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ‘கை அசைவில் தெரியுது’ என்பதை ஏற்காதீர்கள். ஆக்ஸில் ஹைப்பாய்டு வகையானால் (பினியன் கிரவுனின் மையத்திலிருந்து விலகி உட்காருவது) ஜி.எல்-5 தர ஈ.பி. 90 எண்ணெய், அதையே மிச்சமிருக்கிறது என்று கியர் பாக்ஸில் ஊற்ற வேண்டாம். கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையங்கள் பித்தளையானால் ஜி.எல்-5 அவற்றைத் தின்றுவிடக்கூடும், அங்கே ஜி.எல்-4 போதும்.

வண்டி ரோட்டுக்கு வந்த பிறகு ஸ்பீடோ மீட்டரை நம்பாதீர்கள். அதன் கேபிள் கியர் பாக்ஸிலிருந்து வருவதால் கிரவுன் மாறியது அதற்குத் தெரியாது. முள் 60 காட்டும்போது வண்டி 70-ல் போய்க்கொண்டிருக்கும். உச்சிப்புளிப் பக்கத்து நேர்ரோட்டில் மொபைல் ஜி.பி.எஸ்.ஸோடு ஒப்பிட்டுப் பார்த்து, கண்ணாடியில் 51-க்கு நேராக ஒரு சிவப்புக் கோடு ஒட்டிக்கொண்டால் அதுதான் உங்கள் 60. முதல் 500 கி.மீ. பாரமில்லாமல், 50-க்குள், நடுநடுவே நிறுத்தி ஹவுசிங்கைத் தொட்டுப் பார்த்து ஓட்டுங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் பினியன் பேரிங் இறுக்கம் அதிகம். 500-இல் எண்ணெயை வடித்து, டிரெய்ன் பிளக்கில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். மாவுபோல் கறுப்புப் பொடி இருந்தால் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றலாம். மினுக்கும் செதில் ஒன்றே ஒன்று இருந்தாலும் மூடாமல், அப்படியே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.